சுகாதாரத் தகவல் தொழினுட்பம்: கொழும்பில் இருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் கேட்பது, "எந்த கோர்ஸ் செய்யலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் பதிவு எங்கே தொடங்குகிறது, யார் கையில் மாறுகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? இந்தப் பாதை மனதில் பதிந்தால், பிறகு படிக்கும் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் கிடைக்கும். இது தெரியாமல் நான்கு சான்றிதழ் எடுத்தவர்கூட, வேலைக்குப் போன முதல் வாரம் தடுமாறுவார்.

பதிவின் பாதை

அரச வைத்தியசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோயாளி ஓபீடிக்கு வருகிறார், பதிவாகிறார், வைத்தியர் பார்க்கிறார், அனுமதிக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறார். அனுமதிப் பிரிவில் அவருக்கு ஒரு பெட் ஹெட் டிக்கட் திறக்கப்படும். வைத்தியசாலைக்குள் எல்லோரும் பீ.எச்.டீ. என்பது இதைத்தான். வார்டில் இருக்கும் நாள் முழுவதும் வைத்தியரின் குறிப்பு, தாதியரின் குறிப்பு, மருந்துப் பட்டியல், இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அதிலேயே சேரும். வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியின் கையில் நோய்நிர்ணய அட்டை கொடுப்பார்கள். பீ.எச்.டீ. ரெக்கோட் ரூமுக்குப் போகும். அங்கே மருத்துவப் பதிவு உத்தியோகத்தர்கள் நோய்நிர்ணயத்தைப் பார்த்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒதுக்கிய எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டை இடுவார்கள். அந்தக் குறியீடுகள் சேர்ந்து உள்நோயாளர் நோய், இறப்புப் பதிவேடாக மாறிக் காலாண்டுக்கு ஒருமுறை சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவுக்குப் போகும். இந்தப் பதிவேட்டின் ஆங்கிலச் சுருக்கம் ஐ.எம்.எம்.ஆர். இப்போது அது இணையவழியில் இ-ஐ.எம்.எம்.ஆர். ஆகவும் நடக்கிறது.

டெங்கு போன்ற அறிவிக்கவேண்டிய நோய் என்றால் இன்னொரு பாதையும் உண்டு. சந்தேகம் வந்தவுடனேயே, இரத்த முடிவுக்குக் காத்திருக்காமல், சுகாதாரம் 544 என்ற படிவத்தை நிரப்பி அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பவேண்டும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைத் தேடிப் போவார். விலாசத்தில் "வெள்ளவத்தை" என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் எந்த ஒழுங்கைக்குள் போவார்? கவுன்டரில் வீட்டு இலக்கத்தைக் கேட்காமல் விட்டால், நுளம்பு பெருகும் இடம் அப்படியே இருக்கும். தரவின் தரம் என்று பாடநெறிகளில் சொல்வது இதைத்தான்.

கொழும்பில் இருக்கும் வேலைகள்

பதிவு மேலாண்மையும் நோய்க் குறியீடும் ஒரு வகை. வைத்தியசாலை மென்பொருளை நிறுவி, ஊழியர்களுக்குப் பழக்கி, பழுது பார்ப்பது இரண்டாவது. ஆய்வுகூட இயந்திரம், ஸ்கான் இயந்திரம், மருந்தகம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் இணைப்பு வேலை மூன்றாவது. அறிக்கை, புள்ளிவிவரம், பொதுச் சுகாதாரத் தரவு நான்காவது. மருத்துவ மென்பொருள் எழுதும் நிறுவனங்களில் மென்பொருளாக்கம், சோதனை, தேவை ஆய்வு ஆகியன ஐந்தாவது. வெளிநாட்டுக் காப்புறுதிக் கோரிக்கைகளுக்குக் குறியீடு இடும் வேலை ஆறாவது. அதற்குத் தனி விதிகள் உண்டு, பின்னால் சொல்கிறோம்.

அரச துறையில் மருத்துவப் பதிவுப் பதவிகளும், இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் சேவையின் பதவிகளும் இருக்கின்றன. வெற்றிடங்களை வெள்ளிக்கிழமை வர்த்தமானியிலும் சுகாதார அமைச்சின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். விண்ணப்பத்துக்கான வயதெல்லை, சாதாரண தரத்தில் கேட்கப்படும் திறமைச் சித்திகள் ஆகியவற்றை அந்தந்த அறிவித்தலிலேயே வாசியுங்கள். போன வருட அறிவித்தலை வைத்து நிரப்பி, தகுதி இருந்தும் நிராகரிக்கப்படுபவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

முதல் படி: மொழி, மருத்துவச் சொற்கள்

பீ.எச்.டீ. ஆங்கிலத்தில் எழுதப்படும். ஊழியர்கள் தங்களுக்குள் பெரும்பாலும் சிங்களத்தில் பேசுவார்கள். நோயாளி தமிழில் சொல்வார். மூன்றும் வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டாலும், கவுன்டரில் நடக்கும் உரையாடல் புரியும் அளவுக்காவது ஆறு மாதத்தில் கொண்டுவாருங்கள். தமிழ் தெரிந்தவர் பதிவுப் பிரிவில் இருப்பது கொழும்பில் பெரிய பலம். மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலைக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் வடக்கு, கிழக்கு, மலையகத்தில் இருந்து அனுப்பப்படும் நோயாளிகளின் பெயரையும் ஊரையும் சரியாகக் கேட்டு எழுத ஆள் தேவை.

மருத்துவச் சொற்களை அகராதிபோல மனனம் செய்யவேண்டாம், துண்டு துண்டாகப் பிரித்துப் படியுங்கள். "ஐடிஸ்" என்று முடிந்தால் அழற்சி. "எக்டமி" வெட்டி அகற்றுவது. "ஒட்டமி" வெட்டித் திறப்பது. "ஒஸ்டமி" துளை அமைத்து விடுவது. இப்படி 150 முன்னொட்டு, பின்னொட்டுகளை ஆறு வாரத்தில் முடிக்கலாம். நாளுக்கு நான்கு போதும். "ஹைப்பர்", "ஹைப்போ" இரண்டையும் தனியாக எடுத்துப் பழகுங்கள். ஹைப்போகிளைசீமியா என்றால் சீனி குறைந்தது, குறியீடு ஈ16.2. ஹைப்பர்கிளைசீமியா என்றால் கூடியது, ஆர்73.9. கிறுக்கல் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சந்தேகம் வந்தால் மேலே உள்ள இரத்தச் சீனி அளவைப் பாருங்கள், ஊகித்து எழுதக்கூடாது.

சுருக்கெழுத்துகளும் அப்படித்தான். "எம்.எஸ்." என்று இதய வார்டில் எழுதினால் மைட்ரல் வால்வு சுருக்கம், ஐ05.0. நரம்பியல் வார்டில் எழுதினால் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், ஜி35. வார்டைப் பார்க்காமல் குறியீடு இடுபவர் ஒரு நாள் கட்டாயம் தவறுவார்.

இரண்டாம் படி: ஐ.சி.டி. குறியீட்டைக் கையால் பழகுவது

இலங்கை வைத்தியசாலைகள் பயன்படுத்துவது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய் வகைப்பாடு. புதிய ஐ.சி.டி.-11, 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1இல் உலகளவில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் தன் வேகத்தில் மாறுகிறது. 10ஐ நன்றாகத் தெரிந்தவருக்கு 11 கடினமில்லை. ஸ்தாபனத்தின் இணையத்தளத்தில் ஐ.சி.டி.-10 பயிற்சிக் கருவியும் தேடுபொறியும் இலவசமாக இருக்கின்றன.

நூல் மூன்று தொகுதி. முதலாவது குறியீட்டுப் பட்டியல், இரண்டாவது விதிமுறை, மூன்றாவது அகரவரிசைச் சுட்டி. வேலை செய்யும் ஒழுங்கு எப்போதும் ஒன்றே: மூன்றாவதில் தேடி, முதலாவதில் சரிபார்ப்பது. சுட்டியில் கிடைத்த குறியீட்டை அப்படியே எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. முதல் தொகுதியில் அந்தக் குறியீட்டுக்குக் கீழே "இது சேராது" என்று ஒரு வரி இருக்கும். அதை வாசித்தால்தான் சரியான இடம் தெரியும்.

ஓர் உதாரணம். கொள்ளுப்பிட்டியில் த்ரீவீல் ஒன்றில் பின்னால் இருந்து போன பெண்ணை பஸ் மோதியது. மணிக்கட்டுப் பக்கம் ரேடியஸ் எலும்பின் கீழ்முனை முறிந்தது. காயத்துக்கு எஸ்52.5. அதோடு வேலை முடியவில்லை, எப்படி நடந்தது என்ற வெளிக்காரணக் குறியீடும் வேண்டும். த்ரீவீலில் இருப்பவர்களுக்கு ஐ.சி.டி.-10இல் தனிப் பகுதியே உண்டு: வி30 முதல் வி39 வரை. பஸ் அல்லது கனரக வாகனத்தோடு மோதினால் வி34. வீதி விபத்தில் பயணியாக இருந்தவர் என்பதால் நான்காவது எழுத்து 6. ஆகவே வி34.6. சாரதியாக இருந்தால் வி34.5. பீ.எச்.டீ.யில் "ஆர்.டீ.ஏ." என்று மட்டும் எழுதியிருந்தால், வீதி விபத்து என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அப்போது அனுமதிக் குறிப்பைத் தேடி வாசியுங்கள். அங்கே "த்ரீவீல்" என்ற ஒரு சொல் கட்டாயம் எங்காவது இருக்கும். வீதிப் பாதுகாப்புக்கு எந்த வாகனத்தில் கவனம் செலுத்துவது என்று நாளை யாரோ முடிவெடுக்கப்போவது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

டெங்குவுக்குப் பழைய புத்தகங்களில் ஏ90, ஏ91 என்று இருக்கும். 2016 பதிப்பில் இருந்து அது ஏ97: எச்சரிக்கை அறிகுறி இல்லாதது ஏ97.0, எச்சரிக்கை அறிகுறியோடு ஏ97.1, கடுமையானது ஏ97.2. பழைய பிரதியை வைத்துப் படித்துவிட்டு நேர்முகப் பரீட்சைக்குப் போகாதீர்கள். வேலையிடத்தில் எந்தப் பதிப்பு பாவனையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீரிழிவும் அடிக்கடி தவறும் இடம். "டீ.எம்." என்று மட்டும் கண்டால் பலர் ஈ14, வகை குறிப்பிடாத நீரிழிவு, என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். நோயாளி மாத்திரையில் இருப்பவர், வகை 2 என்று கிளினிக் கொப்பியில் தெளிவாக எழுதியிருக்கிறது. அப்படியானால் ஈ11. சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் ஈ11.2. கொப்பியில் இல்லாததை நீங்களாகச் சேர்ப்பதும் பிழை. மாத்திரை குடிக்கிறார் என்பதை மட்டும் வைத்து வகையை முடிவு செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை. வைத்தியரிடம் கேட்டு, அவர் எழுதிய பிறகு குறியீடு இடுங்கள்.

நாளுக்கு 10 கற்பனை நோய்நிர்ணயம் என்று மூன்று மாதம் பழகினால் 900 ஆகும். அதன்பின் கை தானாக ஓடும்.

மூன்றாம் படி: தரவு

விரிதாளில் இருந்து தொடங்குங்கள், ஏனென்றால் கொழும்பில் எந்தப் பிரிவுக்குப் போனாலும் ஏதோ ஓர் எக்செல் கோப்பு உங்களுக்காகக் காத்திருக்கும். அது செய்யும் கேடுகள் மூன்று தெரிந்திருக்கவேண்டும்.

ஒன்று, 12 இலக்கப் புதிய தேசிய அடையாள அட்டை எண்ணைப் பொது வடிவக் கலத்தில் ஒட்டினால் அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கித் தெரியும்; அந்த நிலையில் சீ.எஸ்.வீ. என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூச்சியமும் அப்படியே காணாமல் போகும். தரவை ஒட்டும் முன்பே அந்த நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டு, திகதி. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மாதம் முன்னால் வரும். 13 முதல் 31 வரையான நாட்கள் எழுத்தாகவே நிற்கும், அதனால் கண்ணில் படும். 1 முதல் 12 வரையானவை சத்தமில்லாமல் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். ஏப்ரல் 3 என்பது மார்ச் 4 ஆகிவிட்டதை மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுவதைப் பழக்கமாக்குங்கள்.

மூன்று, தமிழ் எழுத்து. பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கும். எழுத்துருவை நீக்கினால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் மிஞ்சும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் தரவுத்தளத்தில் ஏற்றவேண்டும். யுனிகோட் சீ.எஸ்.வீ. கோப்பை நேரே இரட்டைச் சொடுக்கில் திறந்தாலும் எழுத்து சிதறும். தரவு இறக்குமதி வழியாக யு.டி.எஃப்.-8 என்று தெரிவு செய்து திறக்கவேண்டும். கிளினிக் நினைவூட்டல் குறுஞ்செய்தி தமிழில் அனுப்புவதானால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான், ஆங்கிலத்தில் 160. கொம்பும் காலும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும். "நாளை காலை 8 மணிக்குக் கிளினிக்" என்று சுருக்கமாக எழுதப் பழகுங்கள், இல்லாவிட்டால் கட்டணம் இரட்டிப்பாகும்.

அடுத்தது எஸ்.கியூ.எல்., தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. நோயாளி, வருகை, நோய்நிர்ணயம், ஆய்வுகூட முடிவு என்று நான்கு அட்டவணை செய்து, இவற்றை இணைத்துக் கேள்வி எழுதுங்கள். இங்கே இரண்டு பொறி இருக்கின்றன. அட்டவணைகளை இணைக்கும் சாதாரண ஜொய்ன் கட்டளையைப் போட்டால், நோய்நிர்ணயம் இன்னும் பதியாத நோயாளிகள் எண்ணிக்கையில் இருந்து விழுந்துவிடுவார்கள். முதல் அட்டவணையில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜொய்ன் வேண்டும். ஒரு வருகைக்கு மூன்று நோய்நிர்ணயமும் நான்கு பரிசோதனையும் இருந்தால், இரண்டையும் ஒரே கேள்வியில் இணைக்கும்போது 12 வரி வரும். அதை எண்ணி "12 நோயாளிகள்" என்று அறிக்கை போகும். ஒரே பதிவை ஒருமுறை மட்டும் எண்ணவைக்கும் டிஸ்டிங்க்ட் கட்டளையை எங்கே போடுவது என்பதைக் கையால் தாளில் வரைந்து பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் எட்டு வாரம் போதும்.

நோயாளியை அடையாளம் காண்பது

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. ஒருவரின் இரத்த வகை இன்னொருவரின் பதிவில் ஏறினால், அதற்குப் பிறகு எந்த மென்பொருளும் அவரைக் காப்பாற்றாது.

இலங்கையில் நோயாளிக்குத் தனிநபர் சுகாதார இலக்கம் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. அதில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது. தட்டச்சில் ஓர் இலக்கம் பிழைத்தால் கணினி அதை ஏற்காது. அட்டை கொண்டுவராதவரை எப்படித் தேடுவது என்பதுதான் தினசரிச் சிக்கல்.

பழைய அடையாள அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். புதிய அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக வரும், நாள் கணக்கு அதே. இதில் ஒரு நுணுக்கம்: எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள் என்றே கணக்கிடப்படுகிறது. 1987 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் எண் 87561 என்று தொடங்கும். 1987 லீப் வருடம் அல்ல. மென்பொருள் எழுதியவர் சாதாரண நாட்காட்டியைப் பயன்படுத்தினால் 61ஆம் நாள் மார்ச் 2 ஆகிவிடும். லீப் அல்லாத வருடங்களில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிழைக்கும். புதிய மென்பொருள் சோதிக்கக் கிடைத்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

பெயர்த் தேடலில் தமிழ் நோயாளிகள் அதிகம் இரட்டிப்பாகிறார்கள். கணேசன் என்பதை ஒருவர் ஆங்கிலத்தில் "ஜி" போட்டு எழுதுவார், இன்னொருவர் "கே" போட்டு எழுதுவார். ஒலி ஒத்த பெயரைத் தேடும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே இந்த இரண்டும் ஒருபோதும் ஒன்றாகக் கிடைக்காது. தகப்பன் பெயர் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை என்று மாறுவதும் உண்டு. பெயர், பிறந்த திகதி, தொலைபேசி எண், ஊர் என்பவற்றில் மூன்றையாவது ஒப்பிட்ட பிறகே புதிய பதிவு திறக்கவேண்டும்.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "அம்மா, நீங்க கமலாதேவிதானே?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத வயதானவர் தலையை ஆட்டிவிடுவார். "அம்மா, உங்கட முழுப்பெயரைச் சொல்லுங்கோ. எந்த வருசம் பிறந்தனீங்கள்? இதுக்கு முதல் இங்க வந்து காட்டியிருக்கிறீங்களா?" என்று கேளுங்கள். அவர் வாயால் வரும் பதிலைத் திரையோடு ஒப்பிடுங்கள். பின்னால் வரிசை நீளமாக நிற்கும், எரிச்சலில் குரல் கொடுப்பார்கள். அந்த அரை நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: வீட்டில் ஓர் ஆய்வுகூடம்

8 ஜி.பீ. நினைவகம் உள்ள மடிக்கணினி போதும், 16 இருந்தால் வசதி. உண்மை நோயாளியின் தரவு ஒரு வரிகூட அதில் இருக்கக்கூடாது. சிந்தியா என்ற இலவச மென்பொருள் கற்பனை நோயாளிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கித் தரும்.

டி.எச்.ஐ.எஸ்.2ஐ முதலில் தொடுங்கள். சுகாதாரத் தரவைத் திரட்டி அறிக்கையாக்க ஒஸ்லோ பல்கலைக்கழகம் வழிநடத்தும் திறந்த மென்பொருள் இது. நம் நாட்டில் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் தாய் சேய் நலத் தரவு முறை இதன்மேல் ஓடுகிறது. 2020 தொடக்கத்தில் கொவிட் பயணிகளைக் கண்காணிக்கும் முறையும் இலங்கையில் இதில்தான் கட்டப்பட்டு, பிறகு மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. சியராலியோன் மாதிரித் தரவோடு ஒரு பரிசோதனைத் தளம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அடிப்படைப் பாடநெறியும் இணையத்தில் இலவசம். எது, எங்கே, எப்போது என்ற மூன்று கேள்வியால் ஒவ்வொரு எண்ணும் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அங்கே பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஓப்பன் எம்.ஆர்.எஸ்., மின்னணு நோயாளர் பதிவு முறை. நிறுவி, 20 கற்பனை நோயாளிகளைப் பதிந்து, இரண்டு இரட்டைப் பதிவுகளை வேண்டுமென்றே உண்டாக்கி, ஒன்றாக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, இயந்திரங்கள் பேசும் மொழி. எச்.எல்.7 பதிப்பு 2இன் செய்திகள் நிலைக்குத்துக் கோட்டால் (|) பிரிக்கப்பட்ட வரிகள். ஏ01 வந்தால் அனுமதி, ஏ03 வெளியேற்றம், ஏ08 விபர மாற்றம், ஏ40 பதிவு ஒன்றாக்கல். ஆய்வுகூட முடிவு ஓ.பீ.எக்ஸ். வரியில் வரும்: ஐந்தாவது இடத்தில் அளவு, ஆறாவதில் அலகு. அலகை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுக்கும் இணைப்பு ஆபத்தானது. இரத்தச் சீனி ஓர் இயந்திரத்தில் 126 என்றும் இன்னொன்றில் 7.0 என்றும் வரும். முன்னது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், பின்னது லீற்றருக்கு மில்லிமோல், இரண்டும் ஒரே அளவு. 18 தான் இடையில் உள்ள பெருக்கம். கிரியேட்டினினை லீற்றருக்கு மைக்ரோமோலாக மாற்ற அது 88.4. புதிய தலைமுறைத் தரமான ஃபயர் இணையச் செயலிகளுக்கு ஏற்றது. அதன் நான்காம் பதிப்பில் தொடங்கி, பொதுச் சோதனைச் சேவையகத்தில் ஒரு நோயாளி வளத்தை (ஃபயரில் ஒரு பதிவை அப்படித்தான் சொல்வார்கள்) உருவாக்கி, மாற்றி, தேடிப் பழகுங்கள்.

ஸ்கான் படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் உள்ள தரம் டைகொம். ஓர்த்தாங்க் என்ற இலவசச் சேவையகத்தை நிறுவினால் 4242 என்ற வாயிலில் (போர்ட்) படங்களை ஏற்கும், 8042இல் இணைய உலாவியால் பார்க்கலாம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மூன்று விபரம் தேவை: ஏ.ஈ. பெயர் (டைகொமில் அந்த இயந்திரத்தின் பெயர்), ஐ.பீ. முகவரி, வாயில் எண். ஏ.ஈ. பெயர் 16 எழுத்துக்குள் இருக்கவேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. பிங் போகிறது, டைகொம் இணைப்பைச் சோதிக்கும் எக்கோவும் சரி, ஆனால் பழைய படத்தை வைத்தியரின் கணினிக்கு இழுத்தால் வருவதில்லை என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். காரணம், படத்தை அனுப்புவது சேவையகம். அது அந்தக் கணினியை நோக்கிப் புதிய இணைப்பைத் திறக்கிறது. அந்தக் கணினியின் பெயர் சேவையகத்தில் பதிந்திருக்கவேண்டும், கணினியின் தீச்சுவரும் அந்த வாயிலை உள்ளே விடவேண்டும். இந்த ஒன்றைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரை நேர்முகப் பரீட்சையில் யாரும் இலேசில் விடமாட்டார்கள்.

ஐந்தாம் படி: தகைமை

பிள்ளை நிற்கும் இடத்தைப் பொறுத்து வழி மாறும். சாதாரண தரத்தோடு நிற்பவர்கள் தேசிய தொழிற்தகைமை வழியில் வரலாம். தகவல் தொழினுட்பத்தில் நிலை 3, 4இல் தொடங்கி, 5இல் டிப்ளோமா, 6இல் உயர் டிப்ளோமா, 7இல் பட்டம் வரை ஏணி இருக்கிறது. நாரஹேன்பிட்டியில் எல்விட்டிகல மாவத்தையில் உள்ள நிபுணதா பியசவில் மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழு இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் நிறுவனமும் அந்தக் குறிப்பிட்ட பாடநெறியும் பதிவு பெற்றவையா என்று காசு கட்டும் முன் அங்கே சரிபாருங்கள். நிறுவனம் பதிவு பெற்றிருக்கும், பாடநெறி பெற்றிருக்காது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

உயர்தரம் முடித்தவர்களுக்கு, வேலை செய்துகொண்டே படிக்க, ரீட் அவெனியூவில் உள்ள கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம் நல்ல வழி. முதல் வருடத்தோடு டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா என்று இடையில் இறங்கவும் முடியும். தனியார் நிறுவனங்களின் வெளிநாட்டுப் பட்டம் என்றால், அது அரச பதவிக்கு ஏற்கப்படுமா என்பதை வோட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள், விற்பனைக்கு வந்தவரிடம் கேட்காதீர்கள்.

வைத்தியர்களுக்குப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணி இருக்கிறது. தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் கணினிப் பக்கம் திரும்பினால் மிகச் சிறப்பாக வருவார்கள், அவர்களுக்கு எஸ்.கியூ.எல்.லும் செயற்றிட்ட வேலையும் மட்டும்தான் குறை. கணினிப் பட்டதாரிகளுக்கோ இரண்டாம் படிதான் குறை, அதைத் தாண்டிப் பாயவேண்டாம்.

வெளிநாட்டுச் சான்றிதழ் பற்றி. அமெரிக்கக் குறியீட்டு வேலைக்குக் கேட்கப்படும் சீ.பீ.சீ. பரீட்சை 100 கேள்வி, 4 மணித்தியாலம், 70 சதவீதம் எடுத்தால் சித்தி. அது சோதிப்பது நோய்களுக்கான ஐ.சி.டி.-10-சீ.எம்., சிகிச்சை முறைகளுக்கான சீ.பீ.டி. என்ற அமெரிக்கத் தொகுதிகளை. நம் வைத்தியசாலைகளின் குறியீடு அதிலிருந்து வேறுபட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் படித்தால் குழம்பும். மருத்துவப் பதிவுத் தொழினுட்பவியலாளருக்கான ஆர்.எச்.ஐ.டி. என்ற அமெரிக்கச் சான்றிதழுக்கு அங்கீகாரம் பெற்ற பட்டப் பாடநெறி முடித்திருக்கவேண்டும். "மூன்று மாதத்தில் ஆர்.எச்.ஐ.டி." என்ற விளம்பரத்தை நம்பிக் காசு கட்டாதீர்கள்.

ஆறாம் படி: இரகசியம்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாக வைத்திருக்கிறது. சட்டத்தை வாசியுங்கள், மூன்று மொழியிலும் இருக்கிறது. நடைமுறையில் அது இப்படி வரும்: கடவுச்சொல்லை அடுத்த மேசைக்காரருக்குக் கொடுக்கவேண்டாம், ஏனென்றால் அவர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உங்கள் பெயரில் பதியும். பிழைத் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடும் முன் நோயாளியின் பெயரையும் எண்ணையும் மறையுங்கள். ஊர்க்காரர் ஒருவர், "தம்பி, எங்கட மாமாவுக்கு என்ன வருத்தம் எண்டு பாத்துச் சொல்லுவியா?" என்று கேட்பார். வார்ட் வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். நல்ல மனதோடு கேட்பவருக்கும் இதே பதில்தான்.

ஏழாம் படி: வேலை தேடுவது, முதல் வாரம்

பயிலுநர் இடத்துக்கு எழுதும்போது, "கணினியில் ஆர்வம் உண்டு" என்ற வரியை விட்டுவிட்டு, செய்ததை எழுதுங்கள்: 900 நோய்நிர்ணயத்துக்குக் குறியீடு இட்டுப் பழகினேன், ஓர்த்தாங்க் நிறுவினேன், கற்பனைத் தரவில் இரட்டைப் பதிவு கண்டுபிடிக்கும் கேள்வி எழுதினேன். ஒரு பக்க விளக்கத்தோடு அந்தக் கேள்வியையும் இணைத்து அனுப்புங்கள். பெரிய தனியார் வைத்தியசாலைகளின் தகவல் தொழினுட்பப் பிரிவு, ஆய்வுகூடச் சங்கிலிகள், மருத்துவ மென்பொருள் நிறுவனங்கள் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதவேண்டும். 1998இல் தொடங்கப்பட்ட இலங்கை சுகாதாரத் தகவலியல் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போனால் துறையில் உள்ளவர்களை நேரில் காணலாம்.

வேலை கிடைத்த முதல் நாளே கேட்டு வைக்கவேண்டியது, சிஸ்டம் டவுன் ஆனால் என்ன செய்வது என்பது. அச்சிட்ட வெற்றுப் படிவம் எந்த அலுமாரியில் இருக்கிறது? அந்த நேரத்துக்கென்று ஒதுக்கிய தற்காலிக இலக்கங்கள் யாரிடம்? மின்சாரம் வந்த பிறகு கடதாசியில் எழுதியதைக் கணினியில் ஏற்றுவது யார் பொறுப்பு? ஏற்றும்போது நோயாளி வந்த உண்மையான நேரத்தைப் போடுங்கள். தட்டச்சு செய்யும் நேரத்தைப் போட்டால், காலை 9 மணிக்குக் கொடுத்த ஊசி மாலை 4 மணிக்குக் கொடுத்ததாகத் தெரியும், இரவுக் கடமைக்கு வருபவர் அடுத்த வேளையைத் தள்ளிப்போடுவார். யூ.பீ.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்பதையும் எழுதி வையுங்கள். பிறகு, அனுமதி கேட்டு, ஒரு முழுநாள் ரெக்கோட் ரூமில் இருங்கள். பழைய உத்தியோகத்தர் ஒருவர் பீ.எச்.டீ. கட்டை அவிழ்த்து, முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார் என்று கவனியுங்கள்.